கோபத்திற்கு இடமில்லாத பட்டியல்: நேர்மறை உளவியலும் நற்பண்பு அறவியலும்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த உளசமூகச் செயலமர்வு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள். வளவாளராக வந்த இளம்பெண் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் துணிவு, நேர்மை, அன்பு, நன்றியுணர்வு, மன்னிப்பு, நம்பிக்கை என்று 24 பண்புகள் இருந்தன. தன்னிடம் கூடுதலாக இருக்கும் ஐந்துக்குச் சரி அடையாளம் போடவேண்டும். பிறகு தாளின் மறுபக்கத்தில், அன்றைய நாளில் நடந்த மூன்று நல்ல விடயங்களை எழுதவேண்டும்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 2009இல் அவரது மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். பிறகு கையை உயர்த்திக் கேட்டார்.

"பிள்ளை, நன்றி சொல்ல எனக்குக் கனக்க இருக்கு. மூண்டு காணாது. ஆனா இதில மன்னிக்கிறது எண்டு ஒண்டு போட்டிருக்கிறீங்கள். கோவம் எண்டு ஒண்டைக் காணேல்லை. என்ர கோவத்தை நான் எங்க எழுதுறது?"

வளவாளர் கொஞ்சம் தடுமாறினார். "நல்ல கேள்வி அம்மா, தேத்தண்ணிக்குப் பிறகு கதைப்பம்" என்றார். பிறகு அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அவரில் பிழை சொல்ல முடியாது. அவர் கையில் கொடுக்கப்பட்ட தாளில் அதற்கான பதில் இல்லை.

நான் படித்தது ஊடகக் கற்கை. உளவியலோ மெய்யியலோ அல்ல. ஆனால் ஒரு படத்தைப் பார்க்கும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்பதோடு, சட்டகத்துக்கு வெளியே எது விடப்பட்டிருக்கிறது என்றும் கேட்கவேண்டும் என்பது எங்கள் முதலாம் வருடப் பாடம். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, கோபம் ஏன் அதற்கு வெளியே நின்றது என்று தேடத் தொடங்கினேன். தேடல் ஒரு பக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும், மறுபக்கம் ஏறத்தாழ 2300 வருடங்களுக்கு முந்திய ஏதென்சுக்கும் கொண்டுபோனது.

அந்தத் தாளின் ஊற்று

மார்ட்டின் செலிக்மன் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக உளவியலாளர். 1960களின் இறுதியில் ஸ்டீவன் மையருடன் சேர்ந்து நாய்களை வைத்துச் செய்த ஆய்வுகளால் அறியப்பட்டவர். தப்ப வழியில்லாத மின்னதிர்ச்சிக்குத் திரும்பத் திரும்ப உள்ளான நாய்களில் பல, பின்னர் தப்ப வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துவிட்டன. இதற்குக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள்.

1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது அவர் ஒரு கேள்வியை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உளவியல் நோயைப் பற்றியே படித்துவந்திருக்கிறது. மனிதர் எதனால் நன்றாக வாழ்கிறார்கள் என்பதை ஏன் அதே கவனத்தோடு படிக்கவில்லை? 2000ஆம் ஆண்டில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம் ஆனது. அதுவே நேர்மறை உளவியல். 'எல்லாவற்றையும் நல்லதாகவே நினை' என்று பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் விற்கும் நூல்களும் இதுவும் ஒன்றல்ல. இது அளவீடுகளும் பரிசோதனைகளும் கொண்ட ஓர் ஆய்வுத்துறை.

செயலமர்வில் நான் பார்த்த பட்டியல் 2004இல் வந்தது. கிறிஸ்டோபர் பீட்டர்சனும் செலிக்மனும் சேர்ந்து வெளியிட்ட 'குணப் பலங்களும் நற்பண்புகளும்' என்ற எண்ணூறு பக்கமளவிலான நூல் அதன் மூலம். உளநோய்களை வகைப்படுத்தும் கைநூல் இருப்பதுபோல, மனித நலத்தை வகைப்படுத்தும் கைநூல் ஒன்று வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். கொன்பியூசியம், தாவோயியம், பௌத்தம், இந்து மரபு, கிரேக்க மெய்யியல், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றின் எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்த்து, எங்கும் மதிக்கப்படும் ஆறு நற்பண்புகளைத் தெரிவுசெய்தார்கள். அறிவு, துணிவு, மனிதநேயம், நீதி, தன்னடக்கம், தன்னைக் கடந்த ஒன்றோடான பிணைப்பு என்பன அவை. அவற்றின் கீழ் 24 பலங்கள். மன்னிப்பு தன்னடக்கத்தின் கீழ் வருகிறது. நன்றியுணர்வும் நம்பிக்கையும் கடைசி வகைக்குள் வருகின்றன.

மூன்று நல்ல விடயங்களை எழுதும் பயிற்சிக்கும் ஆதாரம் உண்டு. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இணையம் வழியாக ஒரு வாரம் அதைச் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததும் ஆறு மாதம் வரை தெரிந்தது. தன் முதன்மையான பலத்தைப் புதிய வழியில் பயன்படுத்தும் பயிற்சியிலும் அதேபோன்ற பலன் தெரிந்தது. ஆகவே அந்த வளவாளர் வெறுங்கையோடு வரவில்லை.

அரிஸ்டோட்டில் சொன்னது என்ன?

'நற்பண்பு' என்ற சொல்லை உளவியல் எடுத்துக்கொண்டதும், மெய்யியலின் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்த வீட்டின் பெயர் நற்பண்பு அறவியல்.

அறவியலில் வழக்கமாக இரண்டு கேள்விகள் முன்னுக்கு நிற்கும். எந்த விதியைப் பின்பற்றவேண்டும் என்பது ஒன்று. எந்தச் செயல் அதிகம் பேருக்கு நன்மை தரும் என்பது மற்றது. நற்பண்பு அறவியல் வேறொரு கேள்வியோடு தொடங்குகிறது: நான் எப்படிப்பட்ட மனிதராக ஆகவேண்டும்? மேற்கில் இதன் முதன்மையான நூல் அரிஸ்டோட்டிலின் 'நிகோமாக்கிய அறவியல்'. நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்த இந்த மரபை 1958இல் எலிசபெத் அன்ஸ்கோம் எழுதிய ஒரு கட்டுரையும், 1981இல் வந்த அலஸ்டெயர் மக்கின்டயரின் 'நற்பண்புக்குப் பின்' என்ற நூலும் மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தன.

அரிஸ்டோட்டிலின் வாதத்தை மூன்று படிகளில் சொல்லலாம்.

முதலாவது, மனித வாழ்வின் இலக்கு யூடைமோனியா. இதை மகிழ்ச்சி என்று மொழிபெயர்ப்பார்கள். ஆனால் அது ஓர் உணர்வு அல்ல. ஒரு முழு வாழ்வு நன்றாக வாழப்பட்டது என்று சொல்லக்கூடிய நிலை. நிறைவாழ்வு என்று சொன்னால் பொருந்தும்.

இரண்டாவது, நற்பண்பு பழக்கத்தால் வருவது. நீச்சலைப் போல, செய்து செய்துதான் துணிவும் நேர்மையும் படியும். ஒவ்வொரு பண்பும் இரண்டு பிழைகளுக்கு நடுவில் நிற்கிறது. துணிவு குறைந்தால் கோழைத்தனம், கூடினால் கண்மூடித்தனம். கொடைத்தன்மை குறைந்தால் கஞ்சத்தனம், கூடினால் ஊதாரித்தனம்.

மூன்றாவது, அந்த நடு எங்கே இருக்கிறது என்பதை அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது. யாரிடம், எப்போது, எதற்காக, எந்த விதத்தில் என்பதைக் காணும் ஓர் அறிவு வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் புரொனேசிஸ். நடைமுறை விவேகம் என்று தமிழில் சொல்லலாம். இது இல்லாமல் மற்றப் பண்புகள் எதுவும் முழுமை பெறாது என்பது அவர் கருத்து.

நேர்மறை உளவியல் இவரிடம் நிறையவே கடன்பட்டிருக்கிறது. நல்ல வாழ்வு என்பது இனிய உணர்வுகளின் கூட்டுத்தொகை மட்டுமல்ல, குணம் பயிற்சியால் வளரக்கூடியது என்ற இரண்டு எண்ணங்களும் இரு தரப்புக்கும் பொதுவானவை. குணம் என்ற சொல்லே அறத்தீர்ப்பு கலந்தது, அது அறிவியலுக்கு வேண்டாம் என்று கோர்டன் ஓல்போர்ட் 1930களில் வாதிட்ட பின் உளவியல் அச்சொல்லைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்திருந்தது. அதை மீண்டும் ஆய்வுமேசைக்குக் கொண்டுவந்தவர்கள் பீட்டர்சனும் செலிக்மனும். ஆனால் எடுத்துக்கொண்டதோடு சிலவற்றை வாசலிலேயே விட்டும் வந்தார்கள்.

வாசலில் விடப்பட்டவை

முதலில் விடப்பட்டது விவேகம். 24 பலங்களில் சமயோசிதம் போன்ற சில உண்டு. ஆனால் எல்லாவற்றையும் நடத்தும் விவேகம் இல்லை. உன் முதல் ஐந்து பலங்களைக் கண்டுபிடி, அவற்றைக் கூடுதலாகப் பயன்படுத்து என்பதே அறிவுரை. பாரி ஸ்வார்ட்ஸ், கென்னத் ஷார்ப் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2006இல் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பலங்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது? ஒன்றை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அது பலமாகவே இருக்குமா?

நம் இடத்துச் சூழலில் வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த ஒரு பெண், தன் அயலவரின் மகனைக் கடைசியாகக் கண்டவள் என்று வைத்துக்கொள்வோம். கண்ட காட்சி நல்லதல்ல. அந்தத் தாய் இன்னும் காத்திருக்கிறார். நேர்மை சொல் என்கிறது. இரக்கம் சொல்லாதே என்கிறது. தன் முதன்மையான பலம் நேர்மை என்று தாளில் சரி போட்டிருந்தால் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா? அந்தத் தாய்க்கு உண்மையை அறிய உரிமை உண்டு. அதைத் தாங்க யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா, கண்டது உறுதிதானா, எந்தச் சொல்லில் தொடங்குவது என்பவை எல்லாம் பட்டியலுக்கு வெளியே உள்ள கேள்விகள். அவைதான் விவேகத்தின் வேலை.

இரண்டாவதாக விடப்பட்டது, பண்பு எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி. தாங்கள் விவரிக்கிறோம், விதிக்கவில்லை என்பது நேர்மறை உளவியலாளர்களின் நிலைப்பாடு. 2009இல் அமெரிக்க இராணுவம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தன் படையினருக்கு நேர்மறை உளவியல் அடிப்படையில் மீளுந்திறன் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தது. செலிக்மன் அதில் முக்கிய பங்கெடுத்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய படையினரின் உளநெருக்கீட்டைக் குறைக்க விரும்புவது தவறல்ல. ஆனால் அந்தப் போர்கள் சரியானவையா, அங்கே அவர்கள் செய்தது சரியா என்ற கேள்விகள் அந்தப் பயிற்சிக்கு உரியவை அல்ல. உளவியலாளர்கள் சிலரே இதை விமர்சித்தார்கள். கொலைக்குப் போகும் ஒருவன் நடுங்காமல் போவதை நற்பண்பு என்று சொல்லலாமா என்று பிலிப்பா ஃபூட் போன்ற மெய்யியலாளர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். போரின் மறுமுனையில் நின்றவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

மூன்றாவதாக விடப்பட்டது, முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும், வாழ்க்கைச் சூழல். 2005இல் சோன்யா லியுபொமிர்ஸ்கியும் இரு சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். மனிதருக்கு மனிதர் மகிழ்ச்சி வேறுபடுவதில் ஏறத்தாழ 50 சதவீதம் பரம்பரையால், 10 சதவீதம் சூழலால், 40 சதவீதம் நாமே தெரிந்து செய்யும் செயல்களால் என்றார்கள். அது ஒரு கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் மகிழ்ச்சியைக் கூறுபோடும் கணக்கு அல்ல. எல்லோருக்கும் ஓரளவு ஒரே மாதிரியான சூழல் இருக்கும் நாட்டில் சூழலின் பங்கு சிறிதாகத்தான் தெரியும். காணி இராணுவத்திடம், கணவர் எங்கே என்று தெரியாது, நுண்கடன் வாராவாரம் வாசலில் என்று இருக்கும் ஒருவரிடம் 'சூழல் 10 சதவீதம்தான்' என்று சொன்னால், மிச்சம் உன் பிழை என்றுதான் அவர் காதில் விழும்.

இந்த இடத்தில் அரிஸ்டோட்டில் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறார். அவர் எடுக்கும் உதாரணம் டிராய் நகரத்து அரசன் பிரியம். போரில் பிள்ளைகளை இழந்தவன். தன் மகன் ஹெக்டரின் உடலைத் தரும்படி, அவனைக் கொன்றவனின் கூடாரத்துக்கே போய்க் கெஞ்சியவன் என்று ஹோமர் பாடியிருக்கிறார். இவ்வளவு பேரிழப்புக்கு உள்ளான ஒருவரை நிறைவாழ்வு வாழ்ந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்கிறார் அரிஸ்டோட்டில். நல்லவனாக இருந்தால் போதும், சித்திரவதையிலும் மகிழ்ச்சியாக இருக்கலாம் என்ற வாதத்தை அவர் அர்த்தமற்றது என்று தள்ளுகிறார். பின்வந்த ஸ்தோயிக்கர்கள் இதற்கு மாறாக, நற்பண்பே போதும் என்றார்கள். ஆனால் அரிஸ்டோட்டில் இன்னொன்றையும் சேர்க்கிறார்: நல்ல மனிதர் பேரிழப்பைச் சுமக்கும் விதத்தில் அவரது மேன்மை தெரியும், அவர் இழிந்தவராக ஆகிவிடமாட்டார். இழப்பு உண்மை, அதைச் சுமப்பவரின் மதிப்பும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்கவேண்டியதில்லை.

இனி, கோபம்

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 24 பலங்களில் மன்னிப்பு உண்டு, கோபம் இல்லை. அரிஸ்டோட்டிலின் பட்டியலில் கோபத்துக்கென்றே ஒரு நற்பண்பு இருக்கிறது. அதைச் சாந்தம் என்று சொல்லலாம். ஆனால் அவர் சொல்லும் சாந்தம் கோபமே இல்லாத நிலை அல்ல. கோபப்படவேண்டியதற்காக, கோபப்படவேண்டியவர்மேல், சரியான விதத்தில், சரியான அளவு காலத்துக்குக் கோபப்படுவது. எடுத்ததற்கெல்லாம் சீறுவது பிழை. தனக்கும் தன்னவருக்கும் நேர்ந்த அவமதிப்பைப் பார்த்தும் கோபமே வராமல் இருப்பதும் அவரிடம் பிழைதான்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. வெயிலிலும் மழையிலும் படங்களோடு வீதியோரம் இருந்த அந்தத் தாய்மாரிடம் இருந்தது கோபம்தான். யாரையும் தாக்காத, பெயரும் திகதியும் சொல்லிக் கேள்வி கேட்ட, சோராமல் திரும்பத் திரும்ப வந்த கோபம். அரிஸ்டோட்டிலின் அளவுகளை வைத்துப் பார்த்தால் அதை நற்பண்பு என்றுதான் சொல்லவேண்டும். அதை மன்னிப்பு என்ற பலத்தின் குறைபாடாக எண்ணும் எந்த அளவீட்டிலும் ஏதோ கோளாறு இருக்கிறது. உண்மை என்னவென்று சொல்லப்படாத ஒன்றை, ஒப்புக்கொள்ளப்படாத ஒன்றை, யாரிடம் மன்னிப்பது?

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் அரைவாசியைத்தான் சொன்னவளாவேன். அந்தக் கோபம் சுமப்பவரை வருத்துகிறது. நித்திரை இல்லை, பிரஷர், சீனி வருத்தம். பதில் கிடைக்காமலே பல தாய்மார் இறந்துவிட்டார்கள். அமெரிக்க மெய்யியலாளர் லீசா டெஸ்மன் 2005இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: சுமை கொண்ட நற்பண்புகள். அநீதியான சூழலில் அதை எதிர்த்து நிற்கச் சில பண்புகள் தேவைப்படுகின்றன. விடாத கோபமும், சமரசத்துக்கு இணங்காத உறுதியும் அப்படியானவை. அவை போற்றத்தக்கவை. ஆனால் வழக்கமான நற்பண்புகளைப்போல அவை தம்மைக் கொண்டவருக்கு நிறைவாழ்வைத் தருவதில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன.

பண்பை வளர்த்தால் நலமும் வளரும் என்பது நேர்மறை உளவியலின் அடிப்படை எதிர்பார்ப்பு. நீதியான ஊரில் அது பெருமளவு சரியாக இருக்கலாம். அநீதி சரிசெய்யப்படாத ஊரில் பண்பும் நலமும் பிரிந்து போகலாம் என்பதைத்தான் டெஸ்மன் காட்டுகிறார். அப்போது பிழை அந்த மனிதரில் இல்லை, ஊரில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் பாதிப்பைத் தனிமனித மனவடுவாக மட்டும் பார்க்கக்கூடாது, அது குடும்பத்தையும் சமூகத்தையும் உடைத்த கூட்டு மனவடு என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார். வேறு வழியால் வந்தாலும் அரிஸ்டோட்டிலும் இதற்கு அருகில்தான் நிற்கிறார். அவருக்கு நிறைவாழ்வு தனியே அடையக்கூடியது அல்ல. அதற்கு நட்பு வேண்டும், பிள்ளைகள் வேண்டும், ஓரளவு பொருள் வேண்டும், நல்ல சட்டமுள்ள ஊர் வேண்டும். ஒரு சமூகம் இழந்ததைத் தனி ஒருவரின் தாளில் திருப்பி எழுத முடியாது.

அந்தத் தாளை என்ன செய்வது?

கிழித்துப்போடச் சொல்லி இதை எழுதவில்லை. அன்று அந்த மண்டபத்தில் ஒரு பெண் 'விடாமுயற்சி' என்பதற்குச் சரி போட்டுவிட்டு, தன்னிடம் அப்படியொன்று இருப்பதாக யாரும் இதுவரை சொன்னதில்லை என்று சொல்லி அழுதார். பதினைந்து வருடமாகப் பயனாளி, பாதிக்கப்பட்டவர், விதவை என்ற பெயர்களிலேயே பதியப்பட்டு வந்த ஒருவரிடம் உன் பலம் என்ன என்று கேட்பது சிறிய விடயம் அல்ல. இரவில் மூன்று நல்ல விடயங்களை எழுதுவதால் ஒருவருக்குக் கொஞ்சம் நித்திரை வருமென்றால் அவர் எழுதட்டும்.

ஆனால் அந்தத் தாளோடு வருகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தப் பண்பை வளர்த்தால் நன்மை யாருக்கு: எனக்கா, அல்லது நான் கேள்வி கேட்காமல் இருப்பதை விரும்புகிறவர்களுக்கா? மன்னிப்பைப் பற்றிப் பேசும் அதே மண்டபத்தில் உண்மையையும் நீதியையும் பற்றிப் பேச இடம் உண்டா? நான் தேறாமல் இருந்தால், பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்று சொல்வீர்களா, அல்லது என் சூழலையும் பார்ப்பீர்களா? வளவாளர்கள் இந்தக் கேள்விகளுக்குத் தயாராக வந்தால் அந்தத் தாளின் பயனும் கூடும்.

செயலமர்வு முடிந்து எல்லோரும் போகும்போது அந்த அம்மாவின் தாளைப் பார்த்தேன். மூன்று நல்ல விடயங்கள் எழுதியிருந்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பேத்திக்குக் காய்ச்சல் விட்டது, இன்றைக்குப் பேருந்து நேரத்துக்கு வந்தது. முன்பக்கத்தில் ஐந்து சரி அடையாளங்கள். மன்னிப்புக்கு எதிரே ஒன்றும் போடவில்லை. கடைசி வரிக்குக் கீழே, கோடு எதுவும் இல்லாத இடத்தில், '25' என்று இலக்கம் போட்டுத் தன் கையெழுத்தில் 'கோவம்' என்று எழுதிச் சரி போட்டிருந்தார்.